குட்டிப் பாம்பு ஏன் சீறுகிறது?

"சாதுவான பாம்பு என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள், இது என்ன பெட்டியைத் திறந்தாலே கொத்த வருகிறது?" கார்ன் ஸ்நேக் (corn snake), பால் பைத்தான் (ball python) போன்ற வெளிநாட்டுப் பாம்புக் குட்டியைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரமே இப்படிக் கேட்பார்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வழியாக இந்தப் பழக்கம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளுக்கும் வந்து சேர்கிறது. வீட்டில் ஆச்சி இருந்தால் "பால் வார்த்து வளர்த்தாலும் பாம்பு பாம்புதான்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாம்பு பால் குடிக்காது என்பதை விட்டுவிட்டால், ஆச்சி சொன்னதில் பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பார்ப்போம்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வளர்ப்புப் பாம்பு என்று நான் சொல்வது வெளிநாட்டு இனங்களை மட்டும். சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி, நல்ல பாம்பு என்று நம் விளைகளில் ஊர்ந்து திரியும் பாம்புகளுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. குட்டியாகக் கிடைத்தது, பாவமாக இருந்தது என்றாலும் பிடித்து வைத்து வளர்க்கக் கூடாது. வெளிநாட்டுப் பாம்புகளிலும், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பால் பைத்தான் போன்றவற்றை 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை. எதுவாக இருந்தாலும் எங்கே, யாரிடம் வாங்கியது என்பதற்குத் தாள் இல்லாமல் வாங்காதீர்கள்.

சரி, சீற்றத்துக்கு வருவோம்.

முட்டையிலிருந்து வெளிவரும் கார்ன் ஸ்நேக் குட்டி ஓர் அடி நீளம்கூட இருக்காது, பென்சில் தடிமன்தான். இந்த அளவில் ஒரு பாம்பு நம் ஊர் வீட்டுப் புழக்கடையில் கிடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கோழி கொத்தித் தின்றுவிடும். செம்போத்து தூக்கிக்கொண்டு போகும். மயில், கீரி, பூனை, காகம், பெரிய பாம்புகள் என எல்லாவற்றுக்கும் அது ஒரு வாய் உணவு. காப்பாற்றத் தாயும் இல்லை. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும், மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் ராஜநாகம் இலைகளைக் குவித்துக் கூடு கட்டிக் காவலிருக்கும். ஆனால் அதெல்லாம் முட்டைக் காலத்தோடு சரி. வெளியே வந்த குட்டி அந்த நிமிடத்திலிருந்து தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தன்னைவிடப் பெரிதாக எது அசைந்தாலும் எதிரி என்று எடுத்துக்கொள்ளும் குட்டிகள்தான் பிழைத்திருக்கின்றன. யோசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தவை எப்போதோ யார் வயிற்றிலோ போய்விட்டன. உங்கள் கை அதன் கண்ணுக்கு ஐந்து விரல் கொண்ட ஒரு பெரிய பருந்து, அவ்வளவுதான். இருட்டில் கை மேல் பல்லி விழுந்தால் நாம் உதறுகிறோம்; அதற்காகப் பல்லி மேல் நமக்குக் கோபம் என்று யாரும் சொல்வதில்லை. குட்டிப் பாம்பு கொத்துவதும் அந்த உதறல்தான். உங்களைப் பிடிக்கவில்லை, பழிவாங்குகிறது, குணம் கெட்டது என்றெல்லாம் அதில் அர்த்தம் தேட ஒன்றும் இல்லை.

வளர வளர இது பெரும்பாலும் குறைகிறது. உடல் பெரிதாகும்போது தின்ன வருகிறவர்களின் எண்ணிக்கையும் குறையும். கூடவே, அடிக்கடி வரும் இந்தக் கை தின்பதற்காக வரவில்லை என்பதும் மெல்லப் பழகும். கார்ன் ஸ்நேக், பால் பைத்தான் இரண்டிலும் முதல் சில மாதங்கள் துள்ளிக்கொண்டிருந்த குட்டி ஒன்றிரண்டு வருடத்தில் கையில் அமைதியாகச் சுற்றிக்கொண்டு கிடப்பது சாதாரணம். கார்ன் ஸ்நேக் இருபது வருடம்வரை வாழும், பால் பைத்தான் அதைத் தாண்டியும் வாழும். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தச் சீறல் காலம் சின்னதுதான்.

கொத்துவது பாம்பின் கடைசி ஆயுதம் என்பதைப் புதியவர்கள் பலரும் கவனிப்பதில்லை. அதற்கு முன் அது வரிசையாகப் பல சைகை காட்டியிருக்கும். முதலில் ஓடப் பார்க்கும், அல்லது அசையாமல் உறைந்து கிடக்கும். பால் பைத்தானாக இருந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டுவிடும். இந்தப் பாம்பு கொத்துவதைவிட ஒளிவதில்தான் கெட்டிக்காரன். அதுவும் பலிக்கவில்லை என்றால் மூச்சை இழுத்து உடலை உப்பவைத்துச் சீறும். கார்ன் ஸ்நேக் குட்டி வாலை வேகமாக நடுக்கும். காய்ந்த இலை மேல் அந்த வால் அடிக்கும் சத்தம், அதே அமெரிக்கக் காடுகளில் வாழும் கிலுகிலுப்பை விரியனின் சத்தம் மாதிரியே இருக்கும். கையில் எடுத்தால் வாலடியிலிருந்து நாறும் திரவத்தைப் பீய்ச்சும். அந்த நாற்றம் சோப்புக்கும் அவ்வளவு சீக்கிரம் போகாது. எல்லாம் தோற்றபிறகு கழுத்தை வளைத்து வளைத்துப் பின்னுக்கு இழுத்து, தலையைத் தூக்கி, உங்கள் கையையே குறிபார்க்கும். இந்த வளைவைக் கண்டால் அடுத்தது கொத்துதான். அதுவும் பல தடவை வாயை மூடிக்கொண்டு மூக்கால் மோதும் பொய்க்கொத்தாகவே இருக்கும்.

நம் தோட்டத்துப் பாம்புகளிடமும் இந்த நாடகம் உண்டு. செடிமேல் கிடக்கும் பச்சைப்பாம்பைச் சீண்டினால் கழுத்தை விரித்து, செதில்களுக்கு நடுவே உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டி, வாயை அகலத் திறந்து நிற்கும். கண்ணைக் கொத்தும் என்று அதற்குக் கண்கொத்திப் பாம்பு என்று பழிப்பெயர் வேறு. சாரை கழுத்தை உப்பி உறுமவே செய்யும். பயப்படுகிற பிராணி தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது, அவ்வளவே.

குட்டியின் கொத்து எட்டும் தூரம் பொதுவாக அதன் நீளத்தில் பாதிக்கு மேல் போகாது. அடி நீளக் குட்டி உங்களை எட்டுவது அரை அடிக்குள்தான். பட்டாலும் ஊசி குத்தினாற்போல நாலைந்து புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். சோப்பு போட்டுக் கழுவினால் போதும். கடித்தபடி பிடித்துக்கொண்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாம்பின் பற்கள் பின்பக்கம் வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். அசையாமல் இருந்தால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். விடவில்லை என்றால் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றலாம்.

பயத்தில் கொத்துவது ஒன்று. பசியில் கொத்துவது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் பாதித் தொல்லை வருகிறது.

பயந்த பாம்பு கொத்திவிட்டுப் பின்வாங்கும். பசித்த பாம்பு கொத்திப் பிடித்து, சுற்றி இறுக்கவும் ஆரம்பிக்கும். பயந்த பாம்பு சீறும், வளையும், விலகும். பசித்த பாம்பு சத்தமே போடாது. நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி, தலையை முன்னுக்குக் கொண்டுவந்து, உங்கள் கை போகும் பக்கமெல்லாம் திரும்பும். பாம்புக்கு உலகம் வாசனையால் ஆனது. நாக்கு பொறுக்கிக் கொண்டுவரும் வாசனைத் துகள்களை வாயின் மேலண்ணத்தில் உள்ள யாக்கப்சன் உறுப்பு படித்துச் சொல்லும். நீங்கள் எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விட்டால், அதற்குத் தெரிவது ஒரு பெரிய எலி. பால் பைத்தானுக்கு உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகளும் உண்டு. வெதுவெதுப்பான விரல் அதற்கு எலியாகவே படும். அது செய்தது தவறு என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதற்குத் தீர்வு சுலபம். கையை நன்றாகக் கழுவுங்கள். சாப்பாட்டை நேராகக் கையால் கொடுக்காமல் நீளமான இடுக்கியால் கொடுங்கள். தூக்க வேண்டிய நாளில், பெட்டியைத் திறந்ததும் ஒரு கொக்கியாலோ சுருட்டிய தாளாலோ அதன் உடலின் நடுப்பகுதியை மெதுவாகத் தொட்டுவிடுங்கள். இந்தத் தொடுகை வந்தால் இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டு வேகம் அதிகமுள்ள கிங் ஸ்நேக் (இது ராஜநாகம் அல்ல, விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு) மாதிரி இனங்களுக்கு இதைச் செய்யாமல் கையை விடுவது வீம்பு.

பசியே வராதபடி உணவு முறையும் சரியாக இருக்க வேண்டும். குட்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, அதன் உடலின் பருத்த பகுதியின் அளவுக்கு மேல் போகாத எலிக்குஞ்சு. உறைய வைத்ததை வெந்நீரில் வைத்து இளக்கிக் கொடுப்பதுதான் நல்லது. உயிருள்ள எலி திருப்பிக் கடித்தால் பாம்புக்குக் காயம், அந்தக் காயத்தில் அதற்குப் பயமும் கூடும். சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடவே கூடாது. அப்போது தூக்கினால் விழுங்கியதைக் கக்கிவிடும். கக்குவது குட்டியின் உடலுக்குப் பெரிய அடி.

குணம் என்பது இனத்துக்கு இனம் மாறும். பால் பைத்தான் கூச்சக்காரன். கார்ன் ஸ்நேக் குட்டி துறுதுறுப்பு, கையில் நில்லாமல் ஓடும். கார்பெட் பைத்தான், பச்சை மரப் பைத்தான் குட்டிகள் கொத்துவதில் பேர்பெற்றவை. வளர்ந்தபின் பல சாதுவாகும், சில ஆகவே ஆகாது. முதன்முதலாக வளர்ப்பவருக்குக் கடைசி இரண்டும் வேண்டாம் என்பேன்.

ஒரே இனத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவின் கார்ட்டர் பாம்புக் குட்டிகளை வைத்து 1980களில் கார்டன் பர்க்ஹார்ட், ஹெரால்டு ஹெர்சாக் ஆகிய ஆய்வாளர்கள் தொடர்ச்சியாகச் சோதனைகள் செய்தார்கள். குட்டியின் முன் விரலை அசையாமல் வைப்பதும் அசைப்பதும் ஒன்றல்ல, அசையும் விரலைத்தான் அதிகம் தாக்குகிறது என்று கண்டார்கள். திரும்பத் திரும்ப ஒன்றும் நடக்காமல் விரல் வந்து போனால் குட்டிகள் பழகிக்கொள்கின்றன என்பதையும், அப்படிப் பழகும் வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இல்லை என்பதையும் கண்டார்கள். வீட்டில் வளர்ப்பவருக்கு இந்தச் சோதனையில் பெரிய பாடமே இருக்கிறது. கையை மெதுவாக, தயங்காமல் கொண்டுபோங்கள். பாதி வழியில் பயந்து இழுத்து, மறுபடி நீட்டி, மறுபடி இழுத்து என்று ஆட்டுகிற கைதான் அதிகம் கடிபடுகிறது.

இனம் சரி, வளர்த்த விதமும் சரி, ஆனாலும் குட்டி சீறிக்கொண்டே இருக்கிறது என்றால் பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலான சமயம் குறை அங்கேதான் இருக்கும். ஒளிய இடம் இல்லாத பெட்டியில் பாம்புக்கு நிம்மதி கிடையாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடம் வேண்டும். உடம்பு சுவரில் உரசுகிற அளவு குறுகலாக இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். பெரிய கண்ணாடித் தொட்டியை வாங்கி நடுவில் குட்டியை விட்டால், வெட்டவெளியில் பருந்துக்குக் கீழே விட்டது போலத்தான் அது உணரும். இலை, மரப்பட்டை, காகிதக் குழாய் என்று எதையாவது போட்டு நிரப்புங்கள். தரையில் பரப்ப வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் தென்னை நார்த்தூள் நம் ஊரில் கதம்பை அடிக்கிற இடத்திலெல்லாம் கிடக்கிறது. நன்றாக அலசி, காயவைத்துப் போடலாம்.

வெப்பத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். கார்ன் ஸ்நேக்குக்கு அதிலும் ஓரிரு டிகிரி குறைவு. வருடத்தில் பெரும்பகுதி இங்கே அறை வெப்பமே இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் பங்குனி, சித்திரையில் மொட்டைமாடி அறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ வைத்தால் பெட்டிக்குள் 35ஐத் தாண்டிவிடும். அது உயிருக்கே ஆபத்து. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. பாம்புக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்துபோன பாம்பால் வேகமாக ஓட முடியாது, அதனால் நின்று எதிர்க்கவே பார்க்கும். இரண்டு மழையும் பெறுகிற மாவட்டம் என்பதால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, வயிற்றுச் செதில் புண்ணாகி, அந்த வலியில் சீறுகிற பாம்பும் உண்டு. அதைப் பழக்கிப் பார்ப்பதில் பயனில்லை, கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

அப்புறம் சட்டை உரிக்கும் காலம். குட்டிகள் வேகமாக வளர்வதால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். அதற்குச் சில நாள் முன் கண்ணை மூடியிருக்கும் செதிலும் மங்கி, கண் நீலம் பாய்ந்தது போலாகும். பார்வை சரியாகத் தெரியாத பாம்பு எதற்கெடுத்தாலும் திடுக்கிடும். அந்த வாரம் விட்டுவிடுங்கள். கோயில் கொடையிலும் சர்ச் திருவிழாவிலும் வீட்டு வாசலில் ஸ்பீக்கர் கட்டி, வெடி போடும் நாட்களிலும் அப்படியே. பாம்புக்கு வெளிக்காது இல்லை, ஆனால் தரையில் வரும் அதிர்வைத் தாடையெலும்பு வழியாக நன்றாகவே உணரும். பெட்டியைத் தெருப்பக்க அறையிலிருந்து உள்ளே மாற்றினாலே அது அடங்குவதைப் பார்க்கலாம்.

பழக்குவதற்கு அவசரம் ஆகாது. வீட்டுக்கு வந்த குட்டியை ஒன்றிரண்டு வாரம் தொடவே வேண்டாம். தண்ணீர் மாற்றுவது மட்டும். இரண்டு மூன்று தடவை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு தொடங்குங்கள். மேலிருந்து கையை இறக்காதீர்கள், பருந்து அப்படித்தான் வரும். பக்கவாட்டில் கொண்டுபோய், அடியில் விட்டு, உடலின் நடுவிலிருந்து ஏந்துங்கள். தலையையோ வாலையோ பிடிக்க வேண்டாம். இறுக்கவும் வேண்டாம், ஒரு கையிலிருந்து மறு கைக்கு அது ஓட ஓட விட்டுக்கொண்டே இருங்கள். முதலில் ஐந்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கொத்தியவுடன் பயந்து திருப்பி வைத்தால், கொத்தினால் இந்தக் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். ஒரு நிமிடமாவது பொறுத்து, அது அமைதியானதும் பெட்டியில் விடுங்கள். அதற்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதும் வேண்டாம். மூச்சு வாங்கச் சீறிக்கொண்டே இருக்கிற குட்டிக்கு அன்றைக்கு அதுவே அதிகம். கடிக்குப் பயமாக இருந்தால் மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழகிய பாம்பு உங்களை நேசிக்கிறது என்று யாராவது வீடியோ போட்டால் நம்ப வேண்டாம். அது உங்களைப் பொறுத்துக்கொள்கிறது. கை சூடாக இருக்கிறது, ஆபத்தில்லை, அதனால் கிடக்கிறது. நாய் வாலாட்டுவதை எதிர்பார்த்துப் பாம்பு வாங்குகிறவர்கள் நாயே வாங்கலாம். இன்னொன்று, ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். தொட்டபின் கைகழுவ வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

இவ்வளவும் பெட்டியில் பிறந்து வளர்ந்த விஷமில்லாப் பாம்புகளுக்கு மட்டும். இதைப் படித்த தைரியத்தில் வாழைத்தோட்டத்திலோ கதம்பைக் குவியலிலோ கண்ட குட்டியிடம் கையை நீட்டிவிடாதீர்கள். நல்ல பாம்புக் குட்டி முட்டையை விட்டு வெளியே வந்ததும் படமெடுக்கும், அப்போதே அதன் பல்லில் விஷம் இருக்கும். கண்ணாடி விரியன் முட்டையிடாமல் ஒரே ஈற்றில் இருபது, முப்பது என்று குட்டிகளாகவே போடும். ஒன்றைக் கண்ட இடத்தில் இன்னும் பல இருக்கலாம். குட்டிக்கு விஷத்தை அளந்து விடத் தெரியாது, அதனால் பெரிய பாம்பைவிட அதுவே மோசம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது சரியல்ல. பெரிய பாம்பிடம் விஷம் அதிகம், கடித்தால் இறங்குவதும் அதிகம். ஆனால் குட்டியின் கடியும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய கடிதான்.

வீட்டுச் சுவரோரம் ராத்திரியில் வரும் ஓநாய்ப் பாம்புக்கு விஷமில்லை. ஆனால் தொட்டால் படபடவென்று கடிக்கும், பட்டைகள் பார்க்கக் கட்டுவிரியன் போலவே இருக்கும். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் வால்பக்கம் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கியும் இருக்கும், ஓநாய்ப் பாம்புக்கு இது தலைகீழ். இந்த வித்தியாசம் பகலில் படத்தைப் பார்த்துப் படிக்க நன்றாக இருக்கும், டார்ச் வெளிச்சத்தில் கைகொடுக்காது. வீட்டுக்குள் வந்த பாம்பைத் தூரத்தில் நின்று கண்காணித்துக்கொண்டு தீயணைப்புத் துறைக்கு 101 என்ற எண்ணிலோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.